பஞ்சகல்யாணி

நேற்று பரதராமியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். குதிரைக்காரப் பெரியவர் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசினார். குதிரை நல்ல செவலை. நாலு காலும் கீழே வெள்ளை, முகத்திலும் வெள்ளை. "பஞ்சகல்யாணிம்மா, லேசுல கிடைக்காது" என்று அதன் கழுத்தைத் தடவினார்.

என் மகள் கேட்டாள்: "அஞ்சு கல்யாணத்துக்குப் போன குதிரையாம்மா?"

இல்லை கண்ணு. வடமொழியில் கல்யாணம் என்றால் மங்கலம், நன்மை. திருமணம் என்ற பொருள் பிறகு வந்தது. நாலு கால், ஒரு முகம்: ஐந்து இடத்தில் வெள்ளை, ஐந்தும் மங்கலம். தெலுங்கிலும் இதே சொல்தான். பஞ்சாபில் நீலி ராவி எருமையைக்கூட முகம், கால், வால்நுனி வெள்ளைக்காக இதே பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதுதான்: இந்தச் சொல் உடம்பின் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. குதிரை கருப்போ செவலையோ, வெள்ளை எங்கே விழுந்திருக்கிறது என்பதே கணக்கு.

உடம்பு நிறத்துக்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. செம்மையிலிருந்து செவலை, கருமையிலிருந்து காரி. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர், சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. அரசனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர்! அதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

மகள் குதிரையை விட்டு வர மனமில்லாமல் அந்த வெள்ளை நெற்றியையே தொட்டுக்கொண்டிருந்தாள்.