எலும்புக்கு இடம் விடும் பீங்கான்

ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கால்சியம் நைட்ரேட் பாட்டிலைத் திறக்கவே யோசிக்க வேண்டும். ஏற்கனவே நான்கு மூலக்கூறு நீரோடு வரும் அந்த உப்பு, காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு கரண்டியிலேயே கசியத் தொடங்கும். தராசு காட்டும் எடையில் கால்சியம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால், எலும்பு இழந்த இடத்தை நிரப்பும் பீங்கான் செய்யும் எங்கள் ஆய்வகத்தில் எடையை நம்புவதில்லை. உப்பைக் கரைத்து, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற வேதிப்பொருளை அளந்து சேர்க்கும் டைட்ரேஷனில் கால்சியத்தைக் கணக்கிட்ட பிறகுதான் பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். புதிதாக வரும் மாணவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். என்னைக் கேட்டால், பாதி ஆராய்ச்சி இந்த டைட்ரேஷனில்தான் நடக்கிறது.

எல்லாம் ஒரு விகிதத்துக்காக. இந்தப் பீங்கானில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 1.67 கால்சியம் அணு என்றால், சூளையிலிருந்து எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட் வரும். 1.5 என்றால் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட், சுருக்கமாக பீட்டா. இடைப்பட்ட அளவில் இரண்டும் கலந்து வரும். நன்றாகச் சுட்டு இறுகிய ஹைட்ராக்ஸிஅபடைட் உடலுக்குள் பல ஆண்டுகள் கிடக்கும். பீட்டா அதைவிடப் பல மடங்கு சீக்கிரம் கரையும். 1.67ஐத் தாண்டினால் வேறு தொல்லை. மிஞ்சிய கால்சியம் சுட்ட சுண்ணாம்பாகப் பீங்கானுக்குள் தங்கிவிடும். ஈரம் பட்டதும் அது நீறிப் பருத்து, வில்லையை உள்ளிருந்தே விரிசல் விட வைக்கும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில் இதற்கு நாளாவதில்லை.

எங்களிடம் படிக்கும் கோத்தகிரிப் பெண் ஒருநாள் கேட்டாள்: “சார், எங்கம்மா கேக்கறாங்க, உள்ள வெச்சது கரைஞ்சுபோச்சுன்னா அப்புறம் கால் என்ன ஆகும்?” அவள் அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். சரிவில் வழுக்கி எலும்பு முறிந்தவர்களைப் பார்த்தே பழகியவர்.

“அதுக்குள்ள அவங்க சொந்த எலும்பு அந்த இடத்துக்கு வந்துடணும்மா. அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கிட்டிருக்கோம்” என்றேன்.

எலும்பு தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் திசு. பழைய எலும்பைக் கரைத்தெடுக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அமிலம் சுரந்து, பிஎச் அளவை (குறையக் குறைய அமிலம் கூடுதல்) ஏறத்தாழ 4.5 வரை இறக்கிவிடும். பீங்கானையும் அவை அப்படித்தான் அரிக்கின்றன. பீங்கான் முந்திக்கொண்டு கரைந்தால் பள்ளம் மிஞ்சும். கரையவே மறுத்தால் புது எலும்புக்கு இடமில்லை. ஹைட்ராக்ஸிஅபடைட் 60 சதவீதம், பீட்டா 40 சதவீதம் என்ற கலவை பரவலாகப் புழங்குவது இந்த இரண்டுக்கும் நடுவழியாகத்தான்.

விகிதத்தோடு விஷயம் முடிவதில்லை. நம் எலும்பின் தாது சுத்தமான ஹைட்ராக்ஸிஅபடைட் அல்ல. அதில் சில சதவீதம் கார்பனேட் கலந்திருக்கிறது. கார்பனேட் படிக ஒழுங்கைக் குலைப்பதால் கரைதல் எளிதாகிறது. ஃப்ளோரைடு நேர்மாறு: படிகத்தை இறுக்கிக் கரைதலைக் குறைக்கும். பல்லுக்கு அது பாதுகாப்பு; கரைந்து வழிவிட வேண்டிய பீங்கானுக்கு அதை நான் சேர்க்க மாட்டேன். மக்னீசியம் சிறிதளவு சேர்ந்தாலும் பீட்டா வடிவம் நிலைப்பட்டு மெதுவாகக் கரைகிறது. மக்னீசியம் இல்லாமல் சுமார் 1125 டிகிரிக்கு மேல் சுட்டால் பீட்டா, ஆல்ஃபா என்ற வேறு படிக வடிவமாக மாறும். வேதி வாய்பாடு அதேதான், ஆனால் ஆல்ஃபா இன்னும் வேகமாகக் கரையும். ஆகவே கலவையை மட்டும் எழுதிவைத்துச் சூளையின் வெப்பநிலையை எழுதாத நோட்டுப் புத்தகம் எனக்குப் பாதிப் புத்தகம்தான்.

சோதனையிலும் கவனம் வேண்டும். பீங்கான் எப்படிக் கரைகிறது என்று சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 10993-14 தரநிலை இரண்டு கரைசல்களைச் சொல்கிறது: பிஎச் 3 உள்ள சிட்ரிக் அமிலம், பிஎச்சை 7.4இல் நிலையாக வைத்திருக்கும் ட்ரிஸ் கரைசல். இரண்டுமே 37 டிகிரியில். முதலாவதில் வில்லை வேகமாகக் கரைவது கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் அது உடல் அல்ல. உடல் திரவம்போல் தயாரித்த கரைசலில் வைத்தாலோ, ஒரு பக்கம் கரையக் கரைய மறுபக்கம் புது அபடைட் படியும். எடை குறையாமல் இருப்பதைப் பார்த்து ‘கரையவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. கரைசலில் கால்சியம், பாஸ்பேட் இரண்டையும் அளக்க வேண்டும், மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மாணவர்கள் எடை அட்டவணையை மட்டும் கொண்டுவந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்த மழைக்காலத்தில் மக்னீசியம் சேர்த்த வில்லைகள் ட்ரிஸ் கரைசலில் இருக்கின்றன. அவற்றின் கால்சியத்தை அளக்கிற பொறுப்பைக் கோத்தகிரிப் பெண்ணிடமே கொடுத்திருக்கிறேன்.