ரூத் வரைக்கும்

அத்தையின், அதாவது என் வீட்டுக்காரருடைய அம்மாவின், வேதாகமம் போன வருடம் என் கைக்கு வந்தது. கறுப்பு அட்டை, ஓரத்துச் சிவப்பு மங்கிப்போன பழைய திருப்புதல், அதாவது பழைய மொழிபெயர்ப்பு. சங்கீதங்கள் இருக்கும் இடத்தில் தாள்கள் துணிபோல மெத்தென்று ஆகிவிட்டன. அதை ஒருமுறை தரங்கம்பாடிக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. புதிய ஏற்பாடு தமிழில் முதன்முதலாக அச்சேறிய ஊர் அது. 1715-ஆம் ஆண்டு.

திருநெல்வேலியிலிருந்து ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ். திருக்கடையூரில் கழுத்தில் மாலையோடு ஒரு தம்பதியர் ஏறினார்கள். அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு பேரப்பிள்ளைகள் சூழ வந்திருந்தார்கள். அந்த அம்மாளின் புதுப்புடவை என் முழங்கையில் உரசியபடியே இருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சடங்கு வழக்கம் இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவருக்கும் இந்த வருடம் அறுபது. பையைத் திறந்து அட்டையைத் தடவிக்கொண்டேன்.

அவர் நோயில் கிடந்த மாதங்களில் நான் வேதத்தைக் கையாண்ட விதத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். கண்ணை மூடி எங்கேயாவது திறப்பேன். விரல் பட்ட வசனமே அன்றைக்குக் கர்த்தர் தந்த வாக்குத்தத்தம் என்று எடுத்துக்கொள்வேன். சுகம், ஜீவன், நீடித்த நாட்கள் என்று வந்தால் ஓடிப்போய் அவர் தலைமாட்டில் எழுதி ஒட்டுவேன். வேறு மாதிரி வந்தால் மூடிவிட்டு மறுபடி திறப்பேன். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவு அந்தச் சீட்டுகளையெல்லாம் கிழித்தேன். அதன்பின் ஏழு மாதம் வேதத்தைத் தொடவில்லை.

என்னைத் திரும்பத் தொட வைத்தவர்கள் அத்தை. அவர்களுக்குக் கண்ணில் புரை. "எனக்கு எழுத்துத் தெரியவில்லை, நீ வாசி. தினம் இரண்டு அதிகாரம், ஆதியாகமத்திலிருந்து" என்றார்கள். மறுக்க முடியவில்லை. எண்ணாகமத்தில் கோத்திரக் கணக்கு வந்தபோது சலிப்பில் பத்து வசனம் தாண்டினேன். பார்வை இல்லாதவர்களுக்குக் காது தப்பாது. "பேர்களை விடாதே அம்மா. கர்த்தர் எழுதி வைத்திருக்கிறார், நாம் வாசிக்கவாவது வேண்டாமா?" என்றார்கள்.

வரிசையாக வாசிக்கும்போதுதான் வேதம் என்னை நடத்தத் தொடங்கியது. நான் தேடாத இடத்தில் என்னைப் பிடித்தது. எங்களுக்குக் கொஞ்சம் வாழைத்தோட்டம் உண்டு. ஆட்களுக்குச் சனிக்கிழமை மொத்தமாகக் கூலி கொடுப்பதுதான் என் வழக்கம். லேவியராகமம் 19-இல் கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்ற வசனத்தை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சாயங்காலமே கொடுத்தேன். களை பறிக்கும் பெண் ஒருத்தி பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்றைக்குக் கடையில் கடன் சொல்ல வேண்டாம்" என்றாள். எத்தனை வருடமாக அவள் கடன் சொல்லிக்கொண்டிருந்தாள்! என் மேஜையில்தானே அந்த வேதம் இருந்தது!

அந்த நாட்களில்தான் என் அண்ணன் கூப்பிட்டார். "எதற்காக அங்கே தனியாகக் கிடக்கிறாய், வந்துவிடு." அத்தையும் அதையே சொன்னார்கள். "எனக்கு யாராவது கஞ்சி ஊற்றுவார்கள். நீ போய் இரு அம்மா." நான் பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். அன்றைய பகுதி நியாயாதிபதிகள் கடைசி அதிகாரமும் ரூத் முதல் அதிகாரமும். அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான் என்று ஒரு புத்தகம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினால் பஞ்சம், மோவாப் தேசம், மூன்று விதவைகள். மருமகள் ரூத் தன் மாமியாரிடம் சொல்லும் "நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்" என்ற வசனம் வந்தபோது என் குரல் அடைத்துவிட்டது. அத்தை கையை நீட்டி இருட்டில் தேடினார்கள். நான் கையைக் கொடுத்தேன். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. எட்டு வருடம் அத்தையோடு இருந்தேன். அவற்றில் ஒரு நாளையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

தரங்கம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, டேனியர் கட்டிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டினால் தெரு நேராகக் கடலுக்குப் போகிறது. முதலில் கோட்டைக்குப் போனேன். 1620-இல் கட்டிய டேன்ஸ்போர்க். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706 ஜூலை 9 அன்று தம் உடன் ஊழியர் புளூட்சோவோடு இந்தக் கரையில் வந்து இறங்கினார். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அகரம் எழுதிப் பழகினார். 1708 கடைசியில் இந்தக் கோட்டையிலேயே அவரைச் சிறை வைத்தார்கள். அவரை அடைத்தது வேற்று மதத்தவர் இல்லை, தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்ட டேனிய அதிகாரிதான். ஏறக்குறைய நான்கு மாதம். புதிய ஏற்பாட்டை அப்போதுதான் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து எழுதினார், 1711-இல் முடித்தார்.

அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். இன்று உள்ளங்கையில் அடங்கும் வேதாகமத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதன்பின் பழைய ஏற்பாட்டை எடுத்தார். ஆதியாகமம், யாத்திராகமம் என்று வரிசையாக வந்தார். ரூத் வரைக்கும். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். சென்னை வேப்பேரியில் மிஷனரி பப்ரீஷியஸ் பல ஆண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் திருத்தினார். 1871-இல் பவர் ஐயர் தலைமையில் வந்த திருப்புதல்தான் என் பையில் இருப்பது. ஆகவே நான் வாசித்த ரூத்தின் சொற்கள் சீகன்பால்க் எழுதிய அதே சொற்கள் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மோவாபியப் பெண்ணைத் தமிழ் பேச வைக்க முதலில் உட்கார்ந்தவர் அவர். ரூத்தோடு அவர் நின்றார் என்பதைப் படித்த நாளிலிருந்தே இந்த ஊர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை ஆனது. அவர் உயிரோடு இருந்த கடைசி முழு வருடம். 2004-இல் இந்த ஊருக்குள் கடல் புகுந்ததை இங்கே உள்ளவர்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். ஆலயத்துக்குள் வெளிச்சம் மிதமாக இருந்தது. பீடத்தின் அருகே அவரை அடக்கம் செய்த இடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். ஆனாலும் அங்கே தரையில் கால் வைக்கக் கூசியது.

முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரூத்தைத் திறக்க வேண்டும் என்று கை போனது. நிறுத்திக்கொண்டேன். அத்தை பழக்கியது அப்படி இல்லை. அன்றைய பகுதி நெகேமியா 7. சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பட்டியல். ஆலயத்தில் யாரும் இல்லாததால் சத்தமாகவே வாசித்தேன். பாரோஷின் புத்திரர் இரண்டாயிரத்து நூற்றெழுபத்திரண்டு பேர். செபத்தியாவின் புத்திரர் முந்நூற்றெழுபத்திரண்டு பேர்.

பாதி வாசிப்பில், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு கதவருகே வந்து நின்றார். ஆலயத்தைப் பூட்டும் நேரம்போல. நான் எழுந்திருக்கப் போனேன்.

"இருங்கள் அம்மா, முடித்துவிட்டு வாருங்கள்" என்றவர், சாவி சத்தம் போடாதபடி கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒரு பேரையும் விடாமல் வாசித்தேன்.