வேண்டாம் என்று சொல்லப்பட்ட சிறுநீரகம்

“வேணாம்னு முடிவு பண்ணீங்க, சரி தம்பி. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று, மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்து புவனகிரியிலிருந்து வந்தவர் கேட்டார். உறுப்பை ஏற்பதும் மறுப்பதும் மாற்று அறுவைச் சிகிச்சைக் குழுவின் பொறுப்பு என்று, ஒருங்கிணைப்பாளன் என்ற முறையில் நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

கொடையாளர் தலையில் அடிபட்டு, ஒரு வாரத்துக்கும் மேலாக வென்டிலேட்டரில் இருந்தவர். அவருடைய மூச்சுக்குழாய்ச் சளியில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. நுண்ணுயிரியல் டாக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் தடவிய வில்லையைச் சுற்றி, மருந்து கிருமியைக் கொன்றால் தெரிந்திருக்க வேண்டிய தெளிந்த வளையம் இல்லை. கிருமி வில்லையின் விளிம்பை ஒட்டியே படர்ந்திருந்தது. இத்தகைய மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம் என்ற நொதி அதனிடம் இருப்பதும் மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. சளியில் மட்டும் கிருமி இருந்தால், நுரையீரலைத் தவிர்த்துவிட்டுக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே பொதுவான வழக்கம். ரத்தத்திலோ சிறுநீரிலோ இருந்தால் நிலைமை வேறு. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில் கருவியில் இருந்தது, அதுவரை எதுவும் காட்டவில்லை. அதன் இறுதி அறிக்கைக்கு 5 நாட்கள் வேண்டும். எடுத்த சிறுநீரகத்தைக் குளிரில் வைத்தாலும் ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க யாரும் விரும்புவதில்லை. மூளைச்சாவை உறுதிசெய்யும் இரண்டு பரிசோதனைகளுக்கும் நடுவில் குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் கொடையாளருக்குக் காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்தின் அளவையும் கூட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் சிறுநீரகவியல் டாக்டர் அதைப் பார்த்ததும் வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணங்களை நான் இன்றும் மறுக்க மாட்டேன். டாக்ரோலிமஸ் முதலான மருந்துகளால் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் இந்தக் கிருமி புகுந்து, தமனியைத் தைத்த இடத்தில் குடியேறினால் அந்த இடமே வெடித்துவிடக்கூடும். இந்தக் கிருமிக்குக் கைவசமுள்ள மருந்தான கோலிஸ்டின், எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதையே கெடுக்கும். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து தனியாக என்டிஎம் முன்னால் எடுபடாது; அதனோடு அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு மருந்தையும் சேர்க்க வேண்டும், அந்தச் செலவை இந்தக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும் என்றும் கேட்டார்.

நான் போன் செய்தபோது அவர்களுடைய வாடகைக் கார் ரெட்டிச்சாவடியைத் தாண்டியிருந்தது. திரும்பிப் போங்கள் என்று சொல்ல நா எழாமல், வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் சாப்பிடாமல் வந்திருந்தார். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு, ரிப்போர்ட்டுகள் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்தபடி, நான் சொன்னதை முழுவதுமாகக் கேட்டுக்கொண்டார்.

“வாரத்துக்கு மூணு தடவை ஆஸ்பத்திரியில படுத்து எழுந்துக்கிறவன் நான். இந்தக் கிருமி ஏற்கெனவே என் உடம்புல இல்லைன்னு உங்களால சொல்ல முடியுமா?” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. மருத்துவமனைக்கு அடிக்கடி வந்துபோகிறவர்களின் குடலில் இத்தகைய கிருமிகள் எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருப்பது புதிய செய்தி அல்ல. அதன் பிறகுதான், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ரத்தக் கல்ச்சரிலும் சிறுநீர்க் கல்ச்சரிலும் கடைசிவரை எதுவும் வளரவில்லை. இதைக் கேட்டதும் எங்கள் முடிவு தவறு என்று சொல்லிவிடத் தோன்றும்; ஆனால் கொடையாளருக்கு அப்போது கோலிஸ்டின் ஏறிக்கொண்டிருந்தது, மருந்து உடம்பில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போவது உண்டு என்பதால், அந்த அறிக்கை அவருடைய ரத்தம் சுத்தமாக இருந்ததற்குச் சான்றாகாது. இப்படிச் சொல்லிக்கொள்கிற நானே, கிருமி வளர்ந்திருந்தால் அதை எங்கள் முடிவுக்குச் சான்றாக நீட்டியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். இன்னொரு சிறுநீரகத்தை வேறொரு குழு ஏற்றுக்கொண்டது. அதைப் பெற்றவரைப் பற்றி இவரிடம் பேச எனக்கு அனுமதி இல்லை. இவர் இரண்டு முறை கேட்டும் பேசவில்லை.

இத்தனை நாள் யோசித்ததில் எனக்குப் புலப்பட்டது, எங்கள் கணக்கு எழுதும் முறையில் உள்ள கோணல். மாற்றிவைத்த சிறுநீரகத்தால் தொற்று வந்தால் கூட்டம் நடக்கும், கோப்பு திறக்கப்படும், யார் ஒப்புதல் தந்தார்கள் என்று கேட்பார்கள். டயாலிசிஸில் காத்திருந்தவர் இறந்துபோனால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும், அவ்வளவுதான். மறுப்பதும் ஒரு சிகிச்சை முடிவு, அதற்கும் உயிர்ச்சேதம் உண்டு என்பதை எந்தப் படிவமும் எங்களிடம் கேட்பதில்லை. டாக்டர் பயந்து மறுத்தார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அன்றிரவு அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இப்போது நான் கேட்பதெல்லாம், பட்டியலில் பெயர் பதியும் நாளிலேயே இத்தகைய கொடையாளர்களைப் பற்றி நோயாளியிடம் பேசி, அவர் விருப்பத்தை எழுதி வாங்கிவைக்க வேண்டும் என்பதுதான். டாக்டர் இதை ஏற்கவில்லை. வருடக்கணக்கில் தண்ணீரை அளந்து குடிக்கிறவர் எதைக் கொடுத்தாலும் சரி என்றுதான் கையெழுத்துப் போடுவார், அதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்கிறார். புவனகிரிக்காரர் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர் அல்ல என்று நான் சொன்னேன். அவர் ஒருவரை வைத்துப் படிவம் தயாரிக்க முடியாது என்றார் டாக்டர். படிவத்தின் வரைவு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடியும் வைக்கப்போகிறேன்.