கத்திரி படாத சேலைப் போர்வை

ஜூன் 2
மறைந்த பாட்டியின் நூல் சேலைகள் மூன்று, போர்வையாகத் தைக்க எங்களிடம் வந்திருக்கின்றன. பேத்திகள் மூவர், ஆளுக்கொரு போர்வை. "வெட்டித்தான் ஆகணுமா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். வேண்டியதில்லை. ஐந்தரை மீட்டர் சேலை ஏறத்தாழ 216 அங்குலம். விசிறிபோல மூன்றாக மடித்தால் 72 அங்குலத்தில் மூன்று அடுக்கு. அகலம் 45. ஒருவர் போர்த்தத் தாராளம்.

தண்ணீர் பட்டால் பாட்டியின் வாசனை போய்விடும். ஒரு ரவிக்கையைத் துவைக்காமல் எடுத்து வைக்கச் சொன்னோம்.

ஜூன் 3
அரக்குச் சேலையில் ஃபால்ஸைப் பிரித்தாயிற்று. விட்டுவைத்தால் கரையோரம் தடித்து ஊசி இறங்காது. ஃபால்ஸ் மூடியிருந்த இடத்தில் மட்டும் அரக்கு அப்படியே இருக்கிறது. மற்றதெல்லாம் வெளிறிச் செங்கல் நிறம்.

ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தோம். சாயம் ஒட்டவில்லை. இரண்டாவது சேலை, சுங்குடி, ஒட்டியது. அதைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்பாதீர்கள்.

அரக்குச் சேலையின் முந்தியில் மஞ்சள் கறை. சோப்பு பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் மங்கும். கறை இருக்கட்டும் என்றார்கள். எனவே வெறும் தண்ணீர், நிழலில் உலர்த்தல், கஞ்சி கிடையாது.

ஜூன் 5
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் தெரியும். எதிர்பார்த்தபடி கொசுவத்தின் அடிப்பகுதி, கால் உரசி உரசி. மடிப்பில் இது நடு அடுக்காக உள்ளே போய்விடும். உள்தலைப்பு (இடுப்பில் செருகும் முனை) அடியில், முந்தி மேலே. தோளில் ஊக்கு குத்திய ஓட்டைகளை அடைக்கவில்லை.

தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நான்கு அங்குல இடைவெளியில் கச்சாத் தையல், அதாவது அடுக்குகள் நகராமலிருக்கப் போடும் தற்காலிகத் தையல். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பி நிற்கும், பிறகு சரிப்படுத்த முடியாது.

ஜூன் 6
ஓட்டுத் தையல், அதாவது ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் செல்லும் நேர்த்தையல். வரிசைக்கு வரிசை அரை அங்குலம் என்றால் 90 வரிசை. வரிசைக்கு இரண்டு கஜம் வீதம் 180 கஜம். ஏறி இறங்கும் தையலுக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 220 கஜம் பருத்தி நூல் எடுத்து வைத்தோம். பாலியஸ்டர் நூல் வேண்டாம். பழைய இழையை அது அறுத்துவிடக்கூடும். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் கோக்கக் கூடாது, உரசி நைந்துபோகும்.

பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவில் பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். உள்தலைப்புக் கரையில் உருவிப் பார்த்தோம். விரற்கடைக்கு ஒருமுறை அறுந்தது. தேறிய துண்டுகளை மூலை முடிச்சுகளுக்கு வைத்திருக்கிறோம்.

ஜூன் 11
நாற்பதாவது வரிசையில் சுருக்கம். நூலை இழுத்துத் தைத்ததுதான் காரணம். ஆறு வரிசை பிரித்தாயிற்று. இனி வரிசை முடிவில் துணியை உள்ளங்கையால் நீவிவிட்டு, அரை அங்குலம் நூலைத் தளர விட்டே முடிச்சு.

ஜூன் 24
90 வரிசையும் முடிந்தது. நீளவாட்டில் இரு பக்கமும் சேலையின் கரையே விளிம்பு. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு பக்கம் மடிப்பு, ஒரு பக்கம் தலைப்பு. தலைப்பை மட்டும் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தோம். சுங்குடி இன்னும் வாளியில், தண்ணீர் தெளியவில்லை.