ஒரு காளை டிராகனுக்கு எத்தனை நாள் வரும்?

ஜூன் 2

ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் ஊர் டிராகன் கதையைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். சின்னக் கதைதான். சதுப்பு நிலத்தில் ஒரு டிராகன் இருக்கிறது. அந்தப் பக்கம் போன ஆடு மாடும் ஆளும் திரும்புவதில்லை. ஊர்க்காரர்கள் ஒரு கோபுரம் கட்டி, கொக்கி வைத்த சங்கிலியில் கொழுத்த காளை ஒன்றைக் கட்டி விடுகிறார்கள். காளையை விழுங்கிய டிராகன், தூண்டில் மீன் மாதிரி சிக்குகிறது. அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது பத்தியிலேயே எழுத்து நின்றுவிட்டது. ஒரு முழுக் காளையை விழுங்க அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஜூன் 3

உயிரோடு இருக்கும் பல்லிகளில் பெரியது இந்தோனேசியாவின் கொமோடோ. மூன்று மீட்டர் வரை வளரும். ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்னக்கூடியது. அந்தக் கணக்கில் 600 கிலோ காளையை உள்ளே தள்ள டிராகன் குறைந்தது 750 கிலோவாவது இருக்க வேண்டும்.

அங்கேயே இறக்கை போச்சு. இதுவரை பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று க்வெட்சால்கோட்லஸ். டெக்சஸில் 1971-ல் எலும்பு கிடைத்த, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன. இறக்கை விரித்தால் 10 மீட்டருக்கு மேல். அதன் எடையே 250 கிலோவுக்குள்தான் என்று கணிக்கிறார்கள். போதாக்குறைக்கு, முதுகெலும்புள்ள பிராணிகளுக்குக் கை கால் நான்கோடு சரி. நாலு காலும் இரண்டு இறக்கையும் வேண்டுமென்றால் ஆறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: விலா எலும்புகளை வெளியே நீட்டித் தோலைப் போர்த்தி மரத்துக்கு மரம் மிதக்கிறது. தின்பது எறும்பு. அதன் பேரினத்துக்கு 1758-ல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் சூட்டிய பெயர் டிராகோ, அதாவது டிராகன்! அவருக்கும் குறும்பு உண்டு.

என் டிராகன் இனி நடக்கும்.

ஜூன் 4

இன்று முழுக்கச் சாப்பாட்டுக் கணக்கு. 750 கிலோ விலங்குக்கு நம்மைப் போல வெப்ப ரத்தம் என்றால், என் கணக்குப்படி நாளுக்குப் பத்துக் கிலோ இறைச்சியாவது வேண்டும். காளையில் 300 கிலோ இறைச்சி தேறும் என்று வைத்தால் ஒரு மாதம் ஓடும். பல்லி போலக் குளிர் ரத்தம் என்றால் செலவு பத்தில் ஒரு பங்கு. அதே காளை பத்து மாதம்! கொமோடோவே வருடத்துக்குப் பன்னிரண்டு வேளை சாப்பிட்டுப் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

அப்படியானால் ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு காளையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். கோபுரம் கட்டிய செலவு வீண்.

ஆனால் அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். குளிர் ரத்தப் பிராணி அதில் வேட்டையாட முடியாது. எனவே ஐந்து மாதம் சேற்றுக்குள் தூக்கம். வசந்தத்தில் பசியோடு எழும். கதையை ஏப்ரலில் தொடங்கலாம்.

ஜூன் 7

அடுத்து, டிராகன் வாயில் வரும் நெருப்பு. மைத்துனன் கால்நடை மருத்துவன். அவனிடம் கேட்டேன்.

“மாமா, எரியிற வாயு, அதாவது மீத்தேன் வேணும்னா மாட்டைப் பாருங்க. நாளுக்கு 300 லிட்டர் விடும், கிட்டத்தட்ட எல்லாமே ஏப்பத்துல. ஆனா அது புல்லு நொதிச்சு வர்றது. கறி தின்கிறதுக்கு அந்த வயிறு கிடையாது.”

சரி, புல் தின்னும் டிராகன் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 300 லிட்டர் மீத்தேனை எரித்தால் கிடைக்கும் சூடு, கால் கிலோவுக்கும் குறைவான சமையல் எரிவாயுவுக்குச் சமம். எங்கள் வீட்டு அடுப்புக்கு அரை நாள் வரும். அதற்கு ஒன்றரை டிரம் கொள்ளும் வயிறு வேண்டும். ஊரை எரிக்க முடியாது. சாம்பார் வைக்கலாம்.

“வாயு நிறைஞ்சா லேசாகிப் பறக்குமே?” என்றான். அந்த 300 லிட்டர் காற்றில் தூக்குவது 160 கிராம்தான். ஒரு டம்ளர் தண்ணீர்.

ஜூன் 8

நேற்று இரவு ஒன்றும் எழுதவில்லை. சாம்பார் வைத்தது நான்தான்.

ஜூன் 11

பம்பார்டியர் வண்டுதான் கைகொடுத்தது. வயிற்றுக்குள் ஒரு பையில் ஹைட்ரோகுயினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்து சும்மா கிடக்கின்றன. ஆபத்து வந்தால் அதைப் பக்கத்து அறைக்குள் தள்ளும். அங்கே இருக்கும் நொதிகள் பட்டதும் கலவை கொதித்து, ஏறத்தாழ 100 டிகிரியில், நொடிக்குச் சில நூறு துடிப்புகளாக வெளியே பீறிடும். தேரை விழுங்கினால் உள்ளேயே சுட்டுவிட்டு, வாந்தியாக உயிரோடு வெளியே வந்த வண்டுகளும் உண்டு. ஜப்பானில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எரிவாயு சேர்க்கும் வயிறு தேவையில்லை, தீப்பொறியும் தேவையில்லை. சின்னப் பை இரண்டு போதும். ஆனால் அடிக்கடி துப்ப முடியாது. பை நிறைய நாள் பிடிக்கும். அதாவது அந்தக் கோபுரத்தடியில் டிராகனிடம் இருந்தது ஒரே ஒரு வாய் கொதிநீர். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 13

பற்கள்: கொமோடோவின் பல்விளிம்பில் இரும்பு படிந்திருப்பதை 2024-ல் கண்டுபிடித்தார்கள். என் டிராகனுக்கும் ஆரஞ்சு நிறப் பல்விளிம்பு. தின்ற பிறகு கொம்பு, முடி, பல் எல்லாவற்றையும் நாறும் உருண்டையாகக் கக்கும், கொமோடோ போலவே. காணாமல் போன மாட்டை ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டது அந்த உருண்டையில் இருந்த கொம்பை வைத்துத்தான் என்று ஒரு காட்சி எழுதிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெற்றோர் திட்டுவார்கள்.

ஜூன் 16

கிளாகன்ஃபுர்ட் சதுக்கத்தில் அந்த டிராகனுக்கு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்த கல்சிலை இருக்கிறது. நீரூற்று அது. வாயிலிருந்து வருவது நெருப்பல்ல, தண்ணீர். என் கொதிநீர் டிராகனுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆனால் தலை. 1335-இல் பக்கத்தில் ஒரு பெரிய மண்டையோடு கிடைத்து, டிராகனுடையது என்று ஊரில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சிற்பி தலையைச் செதுக்கினார் என்பார்கள். பின்னால் தெரிந்தது, அது பனியுகத்துக் கம்பளிக் காண்டாமிருகம்.

மைத்துனனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். “அப்போ அது என்ன சாப்பிட்டுச்சு மாமா?” என்றான்.

“புல்லு.”