மறுபடியும் மஜ்ஜை டெஸ்ட்

முதல் தடவை எனக்குப் பயமே வரவில்லை. பயப்பட நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் சரி. பல் ஈறில் ரத்தம், காலில் அங்கங்கே நீலம் பாரித்த கன்றல், விடாத காய்ச்சல். டெங்குவாக இருக்கும் என்றுதான் சேரன்மகாதேவியில் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இன்னைக்கே பாளையங்கோட்டைக்குப் போயிருங்க" என்று மட்டும் சொன்னார். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 18,000 இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது அது. மறுநாள் காலையில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி, எலும்புக்குள் ரத்த செல்கள் உற்பத்தியாகும் மஜ்ஜையை எடுத்தார்கள். என்ன எடுக்கிறார்கள், எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் பிளாஸ்டர் ஒட்டி மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். வந்திருப்பது லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய், அதிலும் வேகமாகப் பரவும் பி செல் ஏ.எல்.எல். என்ற வகை என்று தெரிந்தது அதற்கப்புறம்தான்.

நான் எழுத வந்தது அந்த டெஸ்ட்டைப் பற்றி அல்ல. சிகிச்சை பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, "இன்னொரு தடவை மஜ்ஜை எடுத்துப் பாத்திருவோம்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாரே, அதைப் பற்றி. அப்போது என்ன கேட்க வேண்டும், எதற்குத் தயாராக வேண்டும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

எங்கள் டாக்டர் அம்பாசமுத்திரத்துக்காரர். இண்டக்‌ஷன் என்று சொல்லும் முதல் கட்டக் கீமோ முடியும் தறுவாய். ஸ்டீராய்டு மாத்திரை, வாரம் ஒரு வின்கிரிஸ்டின், டானோரூபிசின், அஸ்பராஜினேஸ் என்று ஒரு மாதம் போல ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, கவுண்ட், அதாவது ரத்த செல்களின் எண்ணிக்கை, தரைக்கு இறங்கி, பிறகு பைய ஏற ஆரம்பித்திருந்தது. "ரத்தம் நல்லாத்தானே இருக்கு டாக்டர், பொறவு எதுக்கு இடுப்புல குத்தணும்?" என்று கேட்டேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "சேர்மாதேவி ஆத்துல தண்ணி தெளிஞ்சு ஓடுதுன்னா, மேல பாபநாசம் அணைக்குள்ள என்ன கெடக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்றார். ரத்தத்தில் கெட்ட செல் ஒன்றுகூடத் தெரியாதபோதும் அவை உற்பத்தியாகும் இடத்தில் மிச்சம் இருக்கலாம். அதனால் அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த டெஸ்ட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது பிளாஸ்ட் என்ற முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டதா என்பது ஒன்று. நோய் தெரிந்த அன்று எனக்கு அது 80-க்கு மேல். கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இன்னும் இருக்கிறதா என்பது இரண்டாவது. எம்ஆர்டி என்று அதைச் சொல்கிறார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவி 10,000 செல்லில் ஒரு கெட்ட செல் இருந்தாலும் பிடித்துவிடும். 0.01 சதவீதம் என்ற எல்லைக்கோடு அந்தக் கணக்கில்தான் வருகிறது. கீமோவுக்குப் பிறகு புதிதாக முளைக்கும் நல்ல இளம் செல்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க பிளாஸ்ட் மாதிரியே இருக்குமாம். கருவி அதையும் இதையும் பிரித்துச் சொல்லிவிடும்.

விளங்கியது. ஆனால் விளங்கினால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. முதல் தடவை என்ன வரும் என்று தெரியாமல் படுத்தேன். இந்தத் தடவை எந்த நொடியில் எது வலிக்கும் என்று உடம்புக்கே தெரிந்திருந்தது. டெஸ்ட் தேதி சொன்ன அன்றிலிருந்து இடது இடுப்பில் அந்த இடம் மட்டும் தனியாகக் குடைந்தது.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள். "முதுகுத்தண்டுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிரும்" என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஆச்சி வேறு, "ஏட்டி, இடுப்பெலும்புல இப்படி ஓட்ட ஓட்டயாப் போட்டா நாளைக்கு எப்படிட்டி குடம் தூக்குவ?" என்று அழுதாள். ஏ.எல்.எல். நோயாளிகளுக்கு முதுகில் போடும் ஊசியும் உண்டு. எனக்கும் போட்டார்கள். நோய் மூளைப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க, கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு இடையில் மெல்லிய ஊசி வழியாக மெத்தோட்ரெக்சேட் செலுத்துவார்கள். மஜ்ஜை எடுப்பது வேறு இடத்தில். பின்பக்கம் இடுப்புக்குக் கீழே, தொட்டால் கையில் தட்டுப்படும் மேடான எலும்பு. முதுகுத்தண்டின் நரம்பு அங்கே கிடையாது. எடுத்த மஜ்ஜையும் தானாக ஊறிவிடும். இதையெல்லாம் சொல்லியும் ஆச்சி சமாதானம் ஆகவில்லை. இடுப்புக்குப் பலம் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டித் தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள். ஸ்டீராய்டால் எனக்குச் சர்க்கரை 280-க்கு ஏறியிருந்த நேரம். தூக்குவாளியைத் திறந்து பார்த்த சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். களி அப்படியே வீட்டுக்காரருக்குப் போனது. அவருக்கு இடுப்பு நல்ல பலம் இப்போது.

இரண்டாவது டெஸ்ட் அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். மருந்து போட்டுத் துடைத்தார்கள், சில்லென்று இருந்தது. அப்புறம் லிக்னோகெயின், மரத்துப்போகச் செய்யும் ஊசி. நெருப்புப் பட்டது மாதிரி சில நொடி எரிந்து அடங்கும். இந்த இடத்தில் அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். மருந்து பிடிக்கச் சில நிமிடம் ஆகும். "இன்னும் சுரணை இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய ஊசி எலும்புக்குள் போகும்போது வலி இல்லை. யாரோ முழு பலத்தோடு இடுப்பை அழுத்தித் திருகுவது தெரியும். கட்டிலே ஆடும்.

உண்மையான வலி சிரிஞ்சை இழுக்கும்போதுதான். மரக்க வைக்கும் மருந்து தோலையும் எலும்பின் மேல் சவ்வையும்தான் மரக்க வைக்கும், எலும்புக்குள்ளே எட்டாது. அதனால் மஜ்ஜையை உறிஞ்சும் அந்தச் சில நொடி, இடுப்பிலிருந்து தொடை வழியாக முழங்கால் வரைக்கும் ஒரு சுண்டி இழுக்கிற வலி. சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனால் இழுப்பது நின்றதும் வலியும் நின்றுவிடும்.

அன்று எனக்கு முதல் இழுப்பில் ஒன்றும் சரியாக வரவில்லை. கையைப் பழகிக்கொண்டிருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் செய்தார். ஊசியைக் கொஞ்சம் தள்ளி மறுபடி இறக்கினார். மறுபடி இழுப்பு. நான் அழுதுவிட்டேன், சத்தமாகவே. காலைப் பிடித்திருந்த சிஸ்டர், "எக்கா, காலை இறுக்காதீங்க, வாயால ஊதுங்க, ஊதுங்க" என்று என்னோடு சேர்ந்து அவரும் ஊதினார். அப்புறம் பயாப்சிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சின்ன எலும்புத் துண்டு. பக்கத்திலேயே லேப் பையன் நின்று, எடுத்த மஜ்ஜையைக் கண்ணாடித் துண்டுகளில் கடகடவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். உறைவதற்குள் தேய்த்தாக வேண்டும்.

முடிந்ததும் குத்தின இடம் மெத்தையில் அழுந்துகிற மாதிரி மல்லாக்கப் படுக்க வேண்டும். பிளேட்லெட் குறைவாக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம். பிளேட்லெட் கம்மியாக இருப்பதாலேயே இந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். ஒரு நாள் முழுக்க அந்த இடம் நனையக் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. கடையில் கிடைக்கும் மற்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் போன் பண்ணச் சொன்னார்கள். ஆற்றுக் குளியலைக் கவுண்ட் ஏறும்வரை மறந்துவிடச் சொன்னது தனி. தாமிரபரணிக் கரையில் பிறந்தவளுக்கு ஊசியைவிடப் பெரிய தண்டனை அது.

ஸ்லைடு ரிப்போர்ட் சீக்கிரமே வந்தது. பிளாஸ்ட் 2 சதவீதம். ரெமிஷன், அதாவது நோய் அடங்கிவிட்டது என்றார்கள். வீட்டுக்காரர் ஜங்ஷனுக்கு ஓடி அல்வா வாங்கி வந்து வார்டில் சிஸ்டர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்குக் காட்டவில்லை, சர்க்கரை. எம்ஆர்டி சாம்பிள் சென்னைக்குப் போயிருந்தது. அதற்கான ரிப்போர்ட் அடுத்த வாரம் வந்தபோது அல்வா டப்பா இன்னும் காலியாகவில்லை. 0.04 என்று போட்டிருந்தது.

10,000-க்கு நான்கு. இவ்வளவு குறைவுதானே என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் முகத்தில் அப்படித் தெரியவில்லை. "இது தோல்வி இல்ல. ஆனா எல்லைக்கு மேல இருக்கு. அடுத்த கட்டக் கீமோவைக் குடுத்துட்டு மறுபடி எடுத்துப் பாப்போம். அப்பவும் இருந்துச்சுன்னா மஜ்ஜை மாற்று பத்திப் பேசுவோம்" என்றார். தயாராக இருக்கட்டும் என்று திருப்பூரில் இருக்கிற என் தம்பியை வரச்சொல்லி, அவன் மஜ்ஜை எனக்குச் சேருமா என்று காட்டும் எச்எல்ஏ பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். கூடப் பிறந்தவர்கள் முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். தம்பிக்குப் பாதிதான் பொருந்தியது. இப்போது பாதிப் பொருத்தத்திலும் செய்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே மாற்று ஆரம்பித்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் எங்கேயோ படித்து வந்து சொன்னதும் அன்று ராத்திரி ஏதோ கொஞ்சம் தூங்க உதவியது.

அந்த இடைப்பட்ட மாதங்கள்தான் மொத்தச் சிகிச்சையிலும் மோசம். கீமோ உடம்பைத்தான் படுத்தும். இந்தக் காத்திருப்பு அப்படியில்லை. போன் அடித்தாலே "ரிப்போர்ட் வந்துட்டா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொருவருக்கும் 0.04-ஐ விளக்கிச் சொல்லி, அவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டு, அவர்களை நானே தேற்ற வேண்டியிருந்தது. கடைசியில் மதினியிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். யார் கேட்டாலும் மதினிக்குப் போன் பண்ணுங்கள். மதினி யாருக்கும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல மாட்டாள். இந்த ஒரு ஏற்பாட்டை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு நான் வேறு மாதிரிப் போனேன். இரண்டாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்கு யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. முந்தின வாரமே ஓபியில் கேட்டுவிட்டேன்: தூக்க ஊசி கிடைக்குமா? கிடைக்கும் என்றார்கள், கேட்பவர்களுக்கு. மிடசோலம் என்று நரம்பில் போடுவது. சாப்பிடாமல் வர வேண்டும், கூட ஆள் வர வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் மாட்டிவிட்டுத்தான் போட்டார்கள். குழந்தைகளுக்கு முழுசாகவே மயக்கம் கொடுத்துச் செய்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் ஏன் விழித்துக்கொண்டு தாங்க வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். "டாக்டர், முதல் இழுப்பு எம்ஆர்டிக்குத்தானே போகும்?" அவர் சிரித்துவிட்டார். "யாரு சொன்னா?" பக்கத்துக் கட்டிலில் இருந்த சங்கரன்கோவில் அண்ணாச்சிதான் சொல்லியிருந்தார். காரணம் இதுதான்: அடுத்தடுத்து இழுக்க இழுக்க மஜ்ஜையோடு ரத்தம் கலந்துகொண்டே போகும். நீர்த்துப்போன சாம்பிளில் எண்ணினால், இருக்கிற நோய்கூட இல்லாத மாதிரி எண் குறைவாகக் காட்டலாம். முதலில் வருவதை எம்ஆர்டி டியூபில் பிடிப்பதுதான் முறை. எங்கள் டாக்டர் அப்படித்தான் செய்வார். ஆனாலும் கேட்டதில் எனக்கு ஒரு நிம்மதி.

அந்த டெஸ்ட்டில் எனக்கு நினைவிருப்பது சிஸ்டர் கொலுசைப் பற்றி ஏதோ கேட்டது மட்டும். எழுந்தபோது பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் ஆட்டோவை மேலப்பாளையம் தாண்டி முன்னீர்பள்ளம் வரைக்கும் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் பத்தமடை வரும்வரை தூங்கிக்கொண்டே வந்தேனாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. எங்கள் கீமோ அதில்தான் போனது. சென்னைக்குப் போன எம்ஆர்டி டெஸ்ட்டுக்குக் கையிலிருந்து கட்டினோம். எது அட்டையில் வரும், எது வராது என்று டெஸ்ட்டுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு வைத்துக்கொண்டால் பணத்தைப் புரட்ட நேரம் கிடைக்கும்.

இந்தத் தடவை ரிப்போர்ட்டில் எண் இல்லை. "எம்ஆர்டி கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. அப்படியென்றால் பூஜ்யமா என்று கேட்டேன். "இந்த மெஷின் பாக்கிற ஆழத்துக்கு இல்ல. அதுக்குக் கீழ என்ன இருந்தாலும் மருந்து பாத்துக்கணும், அதனாலதான் நிறுத்தாம மெயின்டனன்ஸ் குடுக்கறோம்" என்றார். மாற்றுச் சிகிச்சைப் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தம்பி திருப்பூருக்குத் திரும்பிவிட்டான்.

அந்த மெயின்டனன்ஸ், அதாவது நோய் திரும்பாமல் இருக்கத் தொடர்ந்து எடுக்கும் கீமோ மாத்திரைகள்தான் இப்போது: தினமும் மெர்காப்டோப்யூரின், வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். இது இரண்டு வருடம் போல ஓடும். கவுண்ட் பார்க்க அடிக்கடி போக வேண்டும், கையில் எடுக்கும் ரத்தம்தான். அடுத்த மஜ்ஜை டெஸ்ட் எப்போது என்று கேட்டதற்கு, கவுண்டில் ஏதாவது இடறினால் உடனே, இல்லையென்றால் அவர் தேவை என்று நினைக்கும்போது என்றார். அது எப்போது வந்தாலும் தூக்க ஊசி வேண்டும் என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சிகப்பு மையில் எழுதியிருக்கிறார்.