290 வாட் பெட்டிக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்ட்

கொழும்புக் கடை எதற்காவது ஃபோன் போட்டு "நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று சொல்லுங்க அண்ணன்" என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பவர் சப்ளை எத்தனை வாட் தம்பி?" என்பதுதான். அதைக் கேட்காமல் நேரே விலை சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். என் கட்சி அவ்வளவுதான், மிச்சமெல்லாம் விளக்கம்.

இங்கே மட்டக்களப்பில் கேம் விளையாடுகிற பொடியன்மார் பலருடைய கொம்பியூட்டர், வெளிநாட்டு ஒபிஸ்களில் பாவித்துக் கழித்து, கன்டெய்னரில் வந்து, துடைத்து விற்கப்பட்ட டெல் அல்லது எச்பி பெட்டிதான். என்னுடையதும் அதே சாதி: டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020, டவர் மாடல், ஐ5-4590 பிராசஸர், டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம். எக்ஸெல் ஓட்டச் செய்த பெட்டி, ஆனால் உடம்பு நல்ல திடகாத்திரம். மூடியைத் திறந்து பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் பார்த்தால் 290 வாட் என்று இருக்கும், அதிலிருந்து கார்டுக்கென்று தனி வயர் எதுவும் வராது. "சப்ளையை மாற்றினால் சரிதானே மச்சான்" என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் இந்த மாடலின் போர்டுக்கு வழமையான 24 பின் பிளக் பொருந்தாது, டெல்லின் சொந்த 8 பின்தான். அதற்கு மாற்று வயர் தேடி, நம்பிக்கையான சப்ளையும் வாங்கினால் இன்னொரு பாதிக் கார்டின் காசு போய்விடும். மலிவு சப்ளை போடுவதைவிட டெல்லின் பழைய 290ஐ நான் நம்புவேன்.

அதனால் கணக்கு சுருங்கிவிடுகிறது. கார்ட் செருகுகிற ஸ்லொட்டே அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்குள் ஓடுகிற, வெளி வயர் கேட்காத கார்டுதான் நமக்கு. ஆர்எக்ஸ் 580 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது 185 வாட் குடிக்கிற சாமான், இந்தப் பெட்டியில் கனவு காணக்கூடாது. வீட்டில் இருக்கிற சின்ன யூபிஎஸ்ஸும் அதோடு கத்தத் தொடங்கிவிடும்.

75க்குள் நிற்பவை சிலதான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016இல் வந்தது, இன்னும் மோசமில்லை, ஆனால் அந்தத் தலைமுறைக்கு என்விடியா 2025 ஒக்டோபரோடு புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருள்) தருவதை நிறுத்தி, பாதுகாப்பு அப்டேட் மட்டும் என்று ஆக்கிவிட்டது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 53 வாட்தான், கேட்க இனிக்கும், ஆனால் போர்டோடு 4 லேனில், அதாவது 16 பாதையுள்ள ஸ்லொட்டில் 4 பாதையில் மட்டும் பேசுகிற கார்ட் அது. அந்த ஸ்லொட்டின் வேகமான தலைமுறையான பிசிஐஇ 4 உள்ள புதுப் போர்டில் அது பரவாயில்லை, நம்முடைய பிசிஐஇ 3 போர்டில் வேகம் பாதி வழியிலேயே நெரிசலில் சிக்கும். வீடியோ பதிவு செய்கிற என்கோடரும் அதில் இல்லை, கேம் விளையாடி யூடியூபில் போட ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி மாடல் 2024இல் வந்தது, 70 வாட், காசு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். எனக்குக் காசு இல்லை. ஆகவே பாவித்த ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1650 என்ற பெயரிலேயே 6 பின் வயர் கேட்கிற மாடல்களும் உண்டு, 1650 சுப்பர் என்பது வேறு கார்ட், அது 100 வாட். விற்கிறவரிடம் கார்டின் மேல் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பிளக் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். கிரிப்டோ காசு தோண்டுகிற மைனிங்கில் இரவு பகலாக ஓடி வெந்த கார்டாக இருக்குமோ என்ற பயம் 1650இல் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் 2020 முடியும்போதே ஈதரியம் மைனிங்குக்கு 4 ஜிபி மெமரி போதாமல் போய்விட்டது, 2022 செப்டம்பரில் அந்த மைனிங்கே நின்றது. போலிக் கார்ட் பயம் வேறு. ஏதோ கிழட்டுக் கார்டின் பயோஸை, அதாவது தான் எந்தக் கார்ட் என்று சொல்கிற உள் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற கதை உலகம் முழுக்க உண்டு. ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு வீடியோ கேளுங்கள், 1650 என்றால் 896 கோர் என்று இருக்க வேண்டும். "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்று எனக்கு விற்றவர் கேட்டார். நம்பிக்கை எல்லாம் இருக்கு அண்ணன், திருப்பி அனுப்ப பார்சல் காசுதான் இல்லை என்றேன். சிரித்துவிட்டு அனுப்பினார்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் கல்லடிக் கடற்காற்று என்ன செய்யும் என்று முழுதாய்த் தெரிந்தது. ஊர்த் தூசி பிரஷ்ஷால் தட்டினால் பறக்கும், உப்பு ஈரம் சேர்ந்த தூசி பறக்காது. விசிறி இதழ்களில் கம்பளித் துணிபோலப் படிந்து, நகத்தால் சுரண்டினால் ஒரே தோலாகக் கழன்று வந்தது. பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூ துருப்பிடித்துத் திரும்ப மறுக்க, ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டுத்தான் கழற்றினேன். ரேமின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தேன், றப்பர் கறுத்து வந்தது. கார்டின் விளிம்புக்கும் அதே வைத்தியம். யன்னலைத் திறந்து வைத்து விளையாடுகிறவர்கள் இடைக்கிடை இதைச் செய்துதான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன மனே, நல்லா இருந்த பெட்டியக் கழட்டிப் போட்டிருக்காய்?" என்றா. அவவுக்கு விளக்கப் போனால் பொழுது பட்டுவிடும்.

செருகுவது சின்ன வேலை. கிளிக் என்று ஸ்லொட்டின் கொக்கி பூட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரும் சொல்லாதது மொனிட்டர் விஷயம். பழைய மொனிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் 1650இல் அதைக் குத்த இடமே இல்லை, எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுகிற கன்வேர்ட்டர் தேவை. அதையும் கார்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுக் கார்டை உள்ளே வைத்துக்கொண்டு போர்டின் பழைய விஜிஏயிலேயே வயரைக் குத்தி, "ஒரு மாற்றமும் இல்லையே" என்று மூஞ்சியைத் தொங்கப்போட வேண்டி வரும்.

பலன் எப்படி? ஜிடிஏ 5 முன்னம் 720 என்ற குறைந்த படத் தெளிவில், எல்லாவற்றையும் குறைத்து வைத்தும் இழுத்து இழுத்து ஓடியது. இப்போது 1080இல், நிழல், புல் போன்ற பாரமான செட்டிங்குகளை மட்டும் இறக்கிவிட்டால் வினாடிக்கு 60 பிரேமை ஒட்டி நிற்கிறது. புதிய பெரிய கேம்களில் கார்ட் சும்மா இருக்க, நாலு கோர் ஐ5 நூறு வீதத்தில் மூச்சு வாங்குகிறது. அங்கே திரை திடீர் திடீரென்று நிற்பது கார்டின் பிழை அல்ல. அதற்குப் பெரிய கார்ட் மருந்தும் அல்ல. இந்தப் போர்டில் ஏறக்கூடிய ஐ7-4790, நாலு கோர்தான் என்றாலும் எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை), வாட்டும் அதே 84. ஒற்றை ரேமில் ஓடுகிறவர்கள் அதற்கும் முன்னால் இன்னொரு ரேமைச் சோடியாகப் போட வேண்டும். வலோரன்ட் ஆடுகிற தம்பிமாருக்கு ஒன்று: விண்டோஸ் 11இல் அந்தக் கேம் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இந்தத் தலைமுறைப் பெட்டியில் அது இல்லை. விண்டோஸ் 10இல் ஓடும், அதற்கு மைக்ரோசொஃப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. அதை மட்டுமே நம்பி இந்தப் பெட்டியில் காசு கொட்டுவதாக இருந்தால் கொட்ட வேண்டாம். எனக்கு ஜிடிஏவும் ஈஃபுட்போலும் போதும், ஐ7 ஒன்று கல்முனையில் யாரிடமோ இருக்கிறதாம், விலை கேட்டிருக்கிறேன்.